மாஸ்டர் மறுத்த கறிவிருந்து

போன முகூர்த்தத்தில் தோழி தமிழ்ச்செல்வியின் மகளுக்குக் கல்யாணம். தமிழ்ச்செல்வி, பெரம்பலூர் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரி. வத்தக்குழம்புக்காகவே இரண்டு பந்தி உட்கார்ந்தேன்... வெட்கமெல்லாம் கிடையாது!

அந்தக் குழம்பை வைத்த மாஸ்டரிடம்தான் மூன்று மாதம் முன்பு நான் சண்டைக்கு நின்றேன். 'நீ எங்கேதான் சண்டை போடவில்லை?' என்று கேட்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

தமிழ்ச்செல்விக்கு ஒரே ஆசை. ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமைக்கிற மாஸ்டர், தன் மகள் கல்யாணத்துக்கும் வந்து சமைக்க வேண்டும். முதலில் அரியலூரில் ஒருவரைப் பார்த்தோம். டைரியைப் புரட்டி, "அன்னிக்கு ஃப்ரீதாங்க, ஜமாய்ச்சுடலாம்" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்... "ஊர்ல எந்தத் தெருங்க?"

எங்கள் பக்கம் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. தெருவைத்தான் கேட்பார்கள். ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் தன் தெருவைத் தமிழ்ச்செல்வி மறைக்காமல் சொன்னாள். மூடிய டைரி மறுபடி திறந்தது.

"அடடா, அன்னிக்கு வேற ஆர்டர் இருக்கே! மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லங்க... ஒத்துக்கிட்ட வாக்க மாத்த முடியாது."

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தோம். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்! அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்த ஆத்திரத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் மறுவாரம் தமிழ்ச்செல்வியோடு ஜெயங்கொண்டத்தில் கோவிந்தசாமி மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கல்யாணச் சாப்பாடு வரை தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தவர், மறுநாள் கறிவிருந்து என்றதும் பேனாவை மூடினார்.

"அது நம்மால ஆவாதுங்க."

பொங்கிவிட்டேன்! "ஏன் ஆவாது? இன்னும் தெருவே கேக்கலையே, அதுக்குள்ள ஆவாதா? கடைன்னு போர்டு மாட்டிட்டு ஆள் பார்த்து இல்லைன்னா சட்டம் சும்மா வுடாது, தெரியுமா?"

மனிதர் பேந்தப் பேந்த விழித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துக்கொண்டே வந்தார். "அட நீங்க வேறக்கா! இந்த மனுசன் எனக்கே ஒரு முட்டை அவிச்சுத் தர மாட்டாரு!"

கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு கறியைத் தொடுவதையே விட்டவராம். சொந்த மச்சான் வீட்டுக் கறிவிருந்துக்கே மறுத்ததில், இன்றுவரை அங்கே பேச்சுவார்த்தை இல்லையாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தமிழ்ச்செல்வி தானாகவே தெருவைச் சொன்னாள். "தெரு கெடக்கட்டும் தங்கச்சி, அடுப்பு போட எடம் இருக்கா? அதச் சொல்லு" என்றார் மாஸ்டர். கறிவிருந்துக்கு அவரே, கறி சமைக்கிற ஒரு பாய்க்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

மனசாட்சியைக் காட்டி ஒருவருக்கு வேலை செய்ய மறுக்கலாமா? நாடு நாடாகக் கோர்ட் படியேறும் கேள்விதான் இது. எனக்கு ஜெயங்கொண்டத்திலேயே விளங்கிவிட்டது. எதைச் சமைக்க மாட்டேன் என்பது ஒருவருடைய விரதம். அதை மதிக்கலாம். யாருக்குச் சமைக்க மாட்டேன் என்பதற்கும் மனசாட்சி என்றே பெயர் வைத்தால்... பெருமாளுக்கே அடுக்காது!

அடுப்புக்கு இடம் பார்க்க மாஸ்டர் தமிழ்ச்செல்வி வீட்டுக்கு வந்த அன்று நானும் அங்கிருந்தேன். தமிழ்ச்செல்வி கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றை மூடி திறக்காமல் நீட்டினாள். வேறு தெருக்காரர்கள் வந்தால் அவள் வீட்டில் அதுதான் வழக்கம். தண்ணீர் கொடுத்தால் "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்களே!

மாஸ்டர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். "இது எதுக்குத் தங்கச்சி? வூட்ல மோர் இல்லையா?"

அவள் ஓடிப்போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். மாஸ்டர் சொம்பில் வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல். பரவால்ல, இன்னொரு சொம்பு கொண்டா!"

தமிழ்ச்செல்வி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். சத்தியமாக, நானும்தான்.

அரியலூர்க்காரருக்குச் சட்டம் கட்டாயம் வேண்டும். அடுத்தமுறை நான் அங்கேயே கேட்பேன். ஆனால் ஒன்று... சட்டம் மிரட்டினால் அடுப்பு எரியும். இரண்டாவது சொம்பு மோரை மனுஷன்தான் கேட்க வேண்டும்!