பல் துலக்கக் கற்றுத்தந்த முடிவெட்டும் கடை

போன தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் நடந்தது இது. நான் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். டன் கணக்கில் சரக்கைக் கீறல் விழாமல் தூக்கி வைப்பேன். ஆனால் என் ஒன்பது வயது மகளின் வாயில் ஒரு பிரஷ்ஷை வைக்கத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம். கை கால் விறைத்துக்கொள்ளும். எதிரே நின்று நான் பிரஷ்ஷை நீட்டினால் தாடையும் இறுகிவிடும். கடி வாங்கி வாங்கி என் விரலே காய்த்துப்போயிற்று. ஈறில் ரத்தம் வரத் தொடங்கியதும் பயந்துபோய், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். பாசம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

அன்று காலை பல் டாக்டரம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "ரத்தம் வருதுன்னு பிரஷ் பண்ணாம விட்டா ஈறு இன்னும் வீங்கும் அங்கிள். மூனு மாசம் டைம் தரேன். அப்பவும் இப்படியே இருந்தா மயக்க மருந்து கொடுத்துதான் கிளீன் பண்ணணும். பல்லு ஆட்டம் கண்டுட்டா எடுக்கவும் வேண்டி வரும்" என்றார். மயக்க மருந்தா? சளி பிடித்தாலே மூச்சுத் திணறுகிற பிள்ளை அவள்.

அந்தக் கவலையோடுதான் அவளுக்குக் கிராப் வெட்ட ஒரு கடைக்குள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். "தலைய ஆட்டுவா லா பாஸ், பாத்து" என்று எச்சரித்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் போய் நின்றார். தலையைத் தன் வயிற்றோடு சாய்த்து, இடது கையால் தாடையை லேசாகத் தாங்கினார். கண்ணாடியில் அவளைப் பார்த்து, "பாப்பா, இப்ப காதுகிட்ட வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரியை வைத்தார். மகாராணி தன்னையே ரசித்தபடி உட்கார்ந்திருந்தாள். உடம்பில் இறுக்கமே இல்லை. வாய்கூடத் திறந்திருந்தது.

"எப்படி பாஸ்?" என்று கேட்டேன்.

"எதிர்ல வந்து மூஞ்சிக்கு நேரா கைய நீட்டினா நானும்தான் மிரளுவேன் அண்ணே" என்றார்.

அன்று மாலையே வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன் நாற்காலியை நிறுத்தி, நானும் பின்னால் போய் நின்றேன். என் தொப்பை முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. "இப்ப மேல் பல்லு, இப்ப கீழ் பல்லு" என்று சொல்லிச் சொல்லி, மிருதுவான பிரஷ்ஷால் தொட்டேன். முதல் நாள் நான்கே பல்தான். முதல் வாரம் முழுக்க ரத்தம் வந்தது. டாக்டரம்மா சொன்னதை நினைத்துக்கொண்டு விடாமல் துலக்கினேன். பிறகு ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா நன்றாகப் பார்த்துவிட்டு, "ஈறு நல்லாருக்கு அங்கிள். மயக்க மருந்தெல்லாம் வேணாம்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து என் மகள் அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாள்.

இவள் ஒத்துழைக்கவே மாட்டாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போது அவள் எதற்காவது முரண்டு பிடித்தால், அவளைக் குறை சொல்லும் முன் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன்.