மைதானத்தைச் சுற்றிப் போனவள்

அடையாற்றின் தென்கரையில் இருந்த அந்த மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் சுப்புராயனும் தேவானையும். தோப்பு வேறொருவருடையது, மூலையில் இருந்த குடிசையில் இவர்கள் குடியிருந்தார்கள். 1923 ஐப்பசியில் அவர்களுடைய மூன்று வயது மகள் பொன்னி காய்ச்சலில் இறந்தாள். இடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் வெள்ளம். தோப்பிலேயே, புன்னை மரத்தடியில் அவளைப் புதைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துத் தோப்பு கைமாறியது. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் ஐந்து மாணவர்களோடு நடந்துவந்த கிறிஸ்தவ வேதசாஸ்திரக் கலாசாலை அதை வாங்கியது. கூவத்து வாடையிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் மாணவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து இறங்கினார்கள். சுப்புராயனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் எடுப்பதும் பெருக்குவதும் தேவானைக்கு. புன்னையின் மேல் யாரும் கை வைக்கவில்லை. அவளும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கலாசாலை வளர்ந்தது. தெலுங்கு தேசத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் படிக்க வந்தார்கள். ஐந்து பேர் இருபதானார்கள், நாற்பதானார்கள். விடுதி கட்ட மாமரங்கள் விழுந்தன. புன்னையை ஒரு புயல் சாய்த்தது. அதன் பிறகு இடம் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

1934 தை மாதம், ஜெபாலயம் கட்டச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு அந்த இடத்தின் மேலேயே போயிற்று.

“வாயத் தொறக்காத,” என்றார் சுப்புராயன். “பொணம் பொதைச்ச எடத்த மறைச்சு வச்சிக்கினு இருந்தோம்னு தொரத்திடுவாங்க. இந்த வயசுல எங்க போவோம்?”

மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் சாயங்காலம் லியோனார்ட் வாத்தியாரை வாசலில் நிறுத்தினாள். மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் வந்து கிரேக்கம் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

“சாரே, அந்தக் கோட்டுக்குக் கீய என் கொயந்தை கீது.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் கலாசாலைத் தலைவரான பாதிரியாரிடம் போனார். அரைமணியில் திரும்பி வந்தார்.

“சுவரை ஆறடி தள்ளிக் கட்டச் சொல்லிட்டாரும்மா. காலையில நானே வந்து மேஸ்திரிகிட்ட சொல்றேன். நீங்க கவலைப்படாதீங்க.”

அவர் எட்டு மணிக்கு வந்தார். வெயில் ஏறுமுன் வேலை ஆகட்டும் என்று மேஸ்திரி ஐந்தரைக்கே ஆட்களை இறக்கியிருந்தார். விடுதியின் பின்கட்டில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த தேவானை விஷயம் தெரிந்து ஓடிவந்தபோது பள்ளம் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

“எதுனா கெடச்சுதா?” என்று கேட்டாள்.

“இன்னா கெடைக்கும்? வெறும் மண்ணுதாம்மா,” என்றான் கடப்பாரை பிடித்தவன்.

அந்த மண்ணையும் வண்டியில் கொண்டுபோய், மாணவர்கள் வாலிபால் ஆடும் மைதானத்தின் பள்ளத்தில் கொட்டியிருந்தார்கள்.

“நேத்தே சொல்லிட்டுப் போயிருக்கணும்மா. தப்பு என்னுதுதான்,” என்றார் லியோனார்ட். தேவானை குடத்தை விட்டுவந்த இடத்துக்கு நடந்தாள்.

சுவரை இனித் தள்ளிப் பயனில்லை. கோட்டின்படியே கட்டினார்கள். பொன்னி ஜெபாலயத்துக்கு அடியில் இருக்கிறாளா, மைதானத்தில் இருக்கிறாளா என்பது தேவானைக்குத் தெரியாமலே போயிற்று. மைதானத்தில் அவள் கால் வைத்ததில்லை. நிறைகுடத்தோடு அதன் ஓரமாகவே சுற்றிப் போவாள். “குறுக்கே போனா சீக்கிரம் ஆகுமே,” என்று புது விடுதிக் காப்பாளர் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சுற்றித்தான் போனாள்.

1937இல் குழாய்த் தண்ணீர் வந்தது. குடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. இருவரும் கொட்டிவாக்கத்தில் தேவானையின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறு வருஷம் கலாசாலை விழாவுக்காக அதன் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதும் பொறுப்பு லியோனார்டுக்கு வந்தது. ஐந்து மாணவர்கள், வாடகை மாடி, தோப்பு, விடுதி, ஜெபாலயம் எல்லாவற்றையும் எழுதினார். நடுவே ஒரு வரி சேர்த்தார்: ‘இந்த நிலத்தில் நமக்கு முன்பே பொன்னி என்றொரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தாள்.’ புத்தகம் அச்சாகி வந்தபோது அந்த வரி இல்லை. “கொண்டாட்ட சமயத்துல எதுக்கு சார் அது?” என்றார்கள் விழாக் குழுவில்.

தான் எழுதிய கைப்பிரதியோடு அவர் கொட்டிவாக்கம் போனார். தேவானை ஆடியிலேயே இறந்துபோயிருந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த சுப்புராயனுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினார். கிழவர் இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார். 

“அவ கேட்டிருந்தா அய்திருப்பா சாரே,” என்றார். “நான் அன்னிக்கு அவள சொல்ல வுட்ருக்கணும். மூணு நாளு.”