சோலையம்மாளின் ஓட்டம்

மகள் மதுரையிலிருந்து கொண்டுவந்த, கண்ணில் மாட்டி விளையாடும் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னால், சோலையம்மாள் அடுக்களைக்குப் போய்ச் செம்புத் தவலையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து எடுத்தாள். பட்டாசு ஆலையில் வெடிமருந்து ரூமுக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் தரையில் இறங்கிவிடும். பத்தொன்பது வருஷப் பழக்கம். அந்த வேலையை விட்டு மூன்று வருஷமாகியும் கைகள் அதை மறக்கவில்லை.

"நீயும் அந்த நைலான் சட்டையைக் கழட்டிப்புட்டு பருத்தியில எதையாவது போட்டுட்டு வா."

"ஏம்மா, இதென்ன வெடியா? டென்னிஸ் விளையாட்டும்மா."

"என்னவா இருந்தா என்ன? உள்ள பேட்டரி இருக்குல்ல?"

செல்வலட்சுமி போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாள். சோலையம்மாளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் திருத்தங்கலில் இதுவரை யாரும் கிடையாது.

செல்வலட்சுமிக்கு மதுரையில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை. தோள் இறுகிப்போனவர்களுக்கு அங்கே இந்தக் கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். மாட்டியதும் கண்ணெதிரே மைதானம் விரியும். கையில் கொடுக்கும் பிடி, மட்டை ஆகிவிடும். பந்தை அடிக்க அடிக்கத் தோள் தன்னால் மேலே போகும். டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்கி வந்திருந்தாள்.

சோலையம்மாளின் வலது கை காதுக்கு மேலே எழும்பாது. வெந்த தோல் சுருங்கி இழுத்துப் பிடித்திருந்தது. விரல்கள் முழுசாய் மடங்காது. இப்போது காலண்டர் கம்பெனியில் இடது கையால் தாள் அடுக்குகிறாள். ஆனால் அவள் பயந்தது கைக்காக அல்ல. தன் கால்களைக் கண்டுதான் அவளுக்குப் பயம்.

ஆலையில் விபத்து நடந்த அன்றைக்கு மருந்து செலுத்தும் ரூமில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் முருகம்மாள். ஒரு வெளிச்சம். "மதினி" என்று முருகம்மாள் கையை நீட்டியதைச் சோலையம்மாள் கண்ணால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஓடினாள். கால்கள் அவளைக் கேட்கவில்லை. முருகம்மாள் வெளியே வரவே இல்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "தூக்கி எறிஞ்சிருச்சு, ஒண்ணும் ஞாபகமில்ல" என்றாள். மகளிடமும் அதையேதான் சொன்னாள்.

இன்னொரு தடவை அப்படி ஏதாவது வந்து, பக்கத்தில் மகள் நின்றால்? இந்தக் கால்கள் அவளையும் விட்டுவிட்டு ஓடிவிடுமே! மூன்று வருஷமாய் இந்த எண்ணம் அவளை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. மகள் ஊருக்கு வந்தால், அவள் அடுக்களைக்குள் இருக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். "அங்கன போயி உக்காரு, போ" என்று விரட்டுவாள். அம்மாவுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்றுதான் செல்வலட்சுமி நினைத்திருந்தாள்.

கண்ணாடியை மாட்டியதும் வீடு காணாமல் போயிற்று. பச்சைத் தரை, வெள்ளைக் கோடு, சுற்றிலும் ஜனங்கள். சோலையம்மாள் காற்றில் கையைத் துழாவினாள்.

"ஏட்டி, எங்கன இருக்க?"

"பக்கத்துலதான் நிக்கேன். பந்து வருது பாரு, அடி!"

முதல் ஐந்து பந்தும் வீண். ஆறாவது மட்டையில் பட்டது. பிறகு ஒவ்வொன்றாய்ப் பட்டது. கை காது வரைக்கும் போனது. வலியோடு அதற்கு மேலேயும் கொஞ்சம் போனது. "அப்படித்தாம்மா, இன்னும் ஒண்ணு!" என்று செல்வலட்சுமி கத்தினாள். சோலையம்மாளுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. கடைசிப் பந்தை ஓங்கி அடித்தாள்.

ஆட்டத்தில் ஜெயித்தால் மைதானத்துக்கு மேலே வாணவேடிக்கை வரும். கிளினிக்கில் தினமும் பார்த்துச் சலித்துப்போன செல்வலட்சுமிக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

கண்ணெல்லாம் ஒரே வெளிச்சம். காதுக்குள் இடி. அந்த மருந்து ரூமின் வெளிச்சமேதான். சோலையம்மாளின் கால்கள் கிளம்பிவிட்டன. கண் தெரியாவிட்டால் என்ன, வீட்டு வாசல் நாலு எட்டுத்தான் என்று அவற்றுக்குத் தெரியும். நிலையில் தோள் இடித்தது, படியில் கால் தடுக்கியது. நடுத்தெருவில்தான் போய் நின்றாள்.

சுற்றிலும் பட்டாசு ஆலைகள் இருக்கும் திருத்தங்கலில் ஒருத்தி அலறிக்கொண்டு ஓடிவந்தால் யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. தெருவே வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தது, புகை எந்தப் பக்கம் என்று. எதிர்வீட்டுப் பாண்டிலட்சுமி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்ன மதினி, சிலிண்டரா? எந்த கம்பெனி? இதென்ன மூஞ்சியில?"

ஓடிவிட்டோம், மறுபடியும் ஓடிவிட்டோம், பிள்ளை உள்ளே கிடக்கிறாள்! இதைத் தவிர சோலையம்மாள் மனசில் எதுவும் ஓடவில்லை. கண்ணாடியைக் கழற்றக்கூடத் தைரியம் வரவில்லை.

"அம்மா, கைய விடும்மா. வலிக்குது."

குரல் மிகப் பக்கத்தில் கேட்டது. இடது கையால் கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். அவளுடைய வலது கை, முழுசாய் மடங்காத அந்த விரல்களால் செல்வலட்சுமியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. விளையாட்டுப் பிடி அதன் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் ஓடினேனா?"

"எங்க ஓடின? என்னையில்ல தரதரன்னு இழுத்துட்டு வந்த!"

சோலையம்மாள் தெருவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒன்றும் வெடிக்காததற்குப் போய் இப்படி ஒரு அழுகையா என்று பாண்டிலட்சுமிக்கு விளங்கவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துத்தான் செல்வலட்சுமி தன் கையை எடுக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாய்ப் பதிந்திருந்தன.

வீட்டுக்குள் போனதும் சோலையம்மாள் முருகம்மாள் கதையை முழுசாகச் சொன்னாள். செல்வலட்சுமி அம்மாவின் தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

பிறகு காப்பி போட எழுந்தார்கள். அடுப்புப் பக்கம் போனதும் செல்வலட்சுமி வழக்கம்போல வெளியே போகத் திரும்பினாள்.

"எங்க போற? இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டு, சோலையம்மாள் தீக்குச்சியைக் கிழித்தாள்.