பாயிண்ட்டுக்கு விட்ட எண்ணெய்

மகளின் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் வாங்கத் தியாகராய நகர் போயிருந்தேன். வண்டியைப் பக்கத்துப் பாதைக்குத் திருப்பும் பாயிண்ட்டில் கடைக்காரர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். அந்த வாசனை என்னைச் சைதாப்பேட்டைக்குக் கொண்டுபோனது: வருஷக்கணக்கில் வண்டியே வராத துருப்பிடித்த பக்கப் பாதை, அதை ஒட்டி எங்கள் குடிசைகள், தண்டவாளத்தின் மேல் காயும் பாவாடைகள், வெயிலில் கொதிக்கும் இரும்பில் நாங்கள் சுட்டுக்கொண்ட உள்ளங்கால்கள்.

ஒரு காலையில் ரயில்வே ஆள் ஒருவர் வந்து அந்தப் பாதையின் பாயிண்ட்டுக்கு எண்ணெய் விட்டார்.

"இன்னா நைனா, இனிமே ரயிலு எங்க வூட்டாண்ட நிக்குமா?" என்றாள் பக்கத்துக் குடிசை அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் குனிந்தபடியே நெம்புகோலை இழுத்து, பாயிண்ட் நகர்கிறதா என்று பார்த்தார்.

"வண்டி வந்தா நம்மள இங்க வுட்டு வெப்பானாடி?" என்ற அம்மா, கூரைத் தகரத்தைக் கட்டியிருந்த கயிற்றைத் தானே அவிழ்க்கத் தொடங்கினாள்.