வாத்தியார் பங்கு

கருணாகரன் வாத்தியாருக்குக் குப்பம் பட்ட கடன் பதினெட்டு ரூபாய். மாதம் ஆறு ரூபாய் வீதம் மூன்று மாதச் சம்பளம். ஆனால் அப்படி ஒரு கடன் இருப்பதே குப்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் வைத்த சுப்பராயனுக்கே தெரியாது.

சுப்பராயன் லேசுப்பட்ட ஆள் இல்லை. திருவொற்றியூருக்கு வடக்கே அந்தக் குப்பத்தில், அடுத்தவன் மரத்தில் துடுப்புப் போட்டுப் பிழைத்தவர், நாற்பது வயதுக்குள் சொந்தமாக இரண்டு கட்டுமரமும் ஒரு பெரிய வலையும் சம்பாதித்தார். யாரும் தூக்கிவிடவில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன மீன் ஓடுகிறது என்று சொல்வார். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. அதற்காக அவர் வெட்கப்பட்டதும் கிடையாது, 1927-ல் அந்தக் கடிதம் வரும் வரைக்கும்.

கடிதம் போட்டவர்கள் வடக்குக் குப்பத்துக்காரர்கள். வலை போடும் இடத்தைப் பற்றி இரண்டு குப்பத்துக்கும் வெகுநாள் தகராறு. கடிதத்தை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்கள். வாசிக்க ஆள் இல்லை. கடைசியில் அதை எடுத்துக்கொண்டு வடக்குக் குப்பத்துக்கே போய், எழுதினவனையே வாசித்துச் சொல்லச் சொன்னார்கள். அவன் வாசித்தான். திட்டுகிற இடங்களை இரண்டு தரம் வாசித்தான்.

 மறுநாளே சுப்பராயன் ராயபுரம் போய்க் கருணாகரன் வாத்தியாரை அழைத்துவந்தார். ஓலைக் கொட்டகை போட்டார். இருபத்துமூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் ஒன்பது பெண்பிள்ளைகள். அந்தக் காலத்தில் இது எந்தக் குப்பத்தில் நடந்தது, யாராவது சொல்லட்டும்.

சம்பளத்துக்கும் அவரே வழி செய்தார். கரைக்கு வரும் மீனில் வலைக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். இனி ஒவ்வொரு மரமும் வாத்தியார் பங்காக இரண்டு மீன் வைக்க வேண்டும் என்றார். குப்பத்தில் பன்னிரண்டு மரம். பதினோரு மரம் ஒப்புக்கொண்டது. சின்னப்பையன் மரம் மட்டும் மறுத்தது.

"எனக்குப் புள்ளையா குட்டியா? ஊரான் புள்ளைக்கு நான் ஏன் மீனு குடுக்கணும் மாமு?" என்றான் சின்னப்பையன்.

சரி, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். தினம் இருபத்திரண்டு மீன் ஓலைக்கூடையில் வாத்தியார் கைக்குப் போனது. அவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். நல்ல வவ்வால் மீன், சங்கரா மீன். ராயபுரத்தில் எந்த வாத்தியாருக்கு அது கிடைக்கும் என்று சுப்பராயன் கரையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை வாத்தியார் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"சுப்பராயரே, தப்பா நினைக்கக்கூடாது. வடக்குக் குப்பத்துல கூப்பிடறாங்க. ஏழு ரூபா, கையில ரொக்கம். இந்த மாசக் கடைசியில பதில் சொல்லணும்."

 "இன்னா வாத்தியாரே, நாங்க இன்னா கொறை வச்சோம்? மூணு மாசமா கூடை கூடையா மீனு வர்ல?"

"வந்துது. அது மரியாதைக்குக் கொடுக்கறீங்கன்னு நினைச்சேன். பேசின ஆறு ரூபா சம்பளம் தனியா வரும்னு பார்த்தேன்."

"அந்த மீனை இன்னா பண்ணீங்க?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "ரயில்வே கேட்டுக்காரர் வீட்டுல கொடுத்துடுவேன். நான் சைவம்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சுப்பராயனின் அக்கா கெங்கம்மா, தலையில் இருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். கரையில் மீன் ஏலம் கூறுகிறவள் அவள்தான். அவள் குரலுக்கு அலையே அடங்கும்.

"ஏண்டா தம்பி, மீனு துன்னாத மனுசனுக்கு மூணு மாசம் மீனு குடுத்துட்டு ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சியே. பொம்பளைங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? மீனைக் காசாக்கறது யாரு, நீங்களா நாங்களா?"

 வாத்தியார் போனால் பள்ளிக்கூடம் போச்சு. அதுவும் வடக்குக் குப்பத்துக்குப் போனால், அடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் அவர்கள் வாசலில் நிற்கவேண்டும். அதற்குக் கடலிலேயே இருந்துவிடலாம்.

"மாசக் கடைசிக்குள்ள பழைய பாக்கி பதினெட்டு ரூபா உங்க கையில இருக்கும். நான் சொன்னா சொன்னதுதான்" என்றார் சுப்பராயன். "வந்துட்டா நான் வடக்கே போகலை" என்றார் வாத்தியார்.

மறுநாளிலிருந்து வாத்தியார் பங்கு ஏலத்துக்கு வந்தது. மற்ற மீனெல்லாம் விற்று முடிந்ததும் கெங்கம்மா அந்தக் கூடையை நடுவில் வைப்பாள். ஆறணா பெறும் மீன் பன்னிரண்டணாவுக்குப் போனது. ஒரு நாள் பதினாறணா, முழுசாக ஒரு ரூபாய்கூடப் போனது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு கேட்டார்கள். எல்லாரையும் விட ஏற்றிக் கேட்டவள் யார் தெரியுமா? சின்னப்பையன் பெண்டாட்டி அம்மு.

சின்னப்பையன் தலையில் அடித்துக்கொண்டான். "நமக்கு இன்னாடி பள்ளிக்கூடம்?"

"கொட்டாய் நம்ம வூட்டுச் சொவத்த ஒட்டித்தான கீது? அதுங்க கத்தறதக் கேட்டுக் கேட்டு எனக்கு எட்டாம் வாய்ப்பாடு வரிக்கும் வந்துடுச்சி. முந்தியெல்லாம் யாவாரி சொன்னதுதான் கணக்கு. இப்ப ஏமாத்தச் சொல்லு பாக்கலாம். உனக்கு வருதா ஏழெட்டு?"

அவனுக்கு வரவில்லை. எழுந்து போய்விட்டான்.

மாதக் கடைசி நாள். கெங்கம்மாவின் சுருக்குப்பையில் பதினாறரை ரூபாய் சேர்ந்திருந்தது. இன்னும் ஒன்றரை ரூபாய். அன்றைக்கென்று கடல் கொந்தளித்து, ஒரு மரம்கூட இறங்கவில்லை. வாத்தியார் குடையோடு கொட்டகை வாசலில் நின்றார். கடனோ உடனோ ஒன்றரை ரூபாயைத் தானே போட்டுவிடலாம் என்று சுப்பராயன் மடியில் கை வைத்தார். கெங்கம்மா தடுத்தாள்.

"நீ ஒருத்தன் போட்டா அது உன் பள்ளிக்கூடம். நாளைக்கி அதுக்கும் பீத்திக்குவ. சும்மா இரு."

ஓலைக்கூடையை எடுத்து மணலில் வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஏலம் கூற ஆரம்பித்தாள். "வாத்தியார் பங்கு, நாலணா!"

கரையே சிரித்தது. சின்னப்பையன் கிட்டே வந்து எட்டிப் பார்த்தான். "இன்னா கெங்கம்மாக்கா, உள்ள ஒண்ணியும் காணோம்?"

"இருபத்திமூணு புள்ளைங்க கீது. கண்ணத் தொடச்சிக்கினு பாரு."

"எட்டணா" என்றாள் ஒருத்தி. "பத்தணா" என்றாள் இன்னொருத்தி. "ஒரு ரூபா" என்றாள் அம்மு. அன்றைக்கு அவளிடம் காசு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சின்னப்பையனைப் பார்த்தார்கள்.

அவன் மெதுவாக, "ஒண்ணர ரூபா" என்றான்.

"அய்ய, பொண்டாட்டிய எதுத்து ஏலம் கேக்குது பாரு இது" என்று யாரோ சொன்னார்கள்.

"எப்டியும் என் வூட்டுக் காசுதான் போவப் போவுது. என் கையால போவட்டுமே. மூணு மாசமா நான் வைக்காத மீனு கீது இல்ல, அதுக்குன்னு வெச்சிக்கங்க." வேட்டி முடிச்சை அவிழ்த்து ஒரு அரை ரூபாயும் பதினாறு ஓரணாக்களும் எடுத்தான்.

"மூணு தரம்" என்று கெங்கம்மா கூடையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் காசையும் சேர்த்துச் சுருக்குப்பையை அவிழ்த்துத் தம்பியிடம் நீட்டினாள்.

எண்ணிக் கொடுக்கும் வேலையைச் சுப்பராயன் யாருக்கும் விடவில்லை. வடக்கே பார்த்து நின்றுகொண்டு, காற்று இந்தச் சத்தத்தை எங்கே கொண்டுபோக வேண்டுமோ அங்கே கொண்டுபோகட்டும் என்று உரக்க எண்ணினார். வாத்தியார் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையை விரித்து நீட்டினார். பதினேழு ரூபாய் ஆனதும் அதை இடது கையில் வைத்திருந்த துணியில் கொட்டி முடிந்துகொண்டு மறுபடியும் வெறுங்கையை நீட்டினார். பதினெட்டாவது ரூபாய் சின்னப்பையனின் சில்லறை. ஓரணா, இரண்டணா என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போனார் சுப்பராயன். பதினாறாவது அணா விழும் வரை வாத்தியார் விரலை மடக்கவில்லை.