தரையில் கை வைத்துப் பார்த்த ஆடிட்டர்

தங்கவேல் சார் போய்விட்டார்... காலையில் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன், அவர் மகள் போன் செய்து சொன்னார்.

எங்கள் கம்பெனியின் இன்டர்னல் ஆடிட்டர். மலை மேல் நான் மேனேஜராக இருக்கும் மிளகு குடோனுக்குச் சரக்கும் கணக்கும் பார்க்க வருவார். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கையில் இருக்கும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடிதான் பஸ்ஸை விட்டு இறங்குவார்.

ஆடிட் என்றாலே எங்களுக்குப் பயம். அவர் வந்தால் மட்டும் அது இருக்காது.

தப்பு கண்ணில் பட்டால் உடனே எழுத மாட்டார். முதலில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்.

நான் மிளகு மூட்டைகளை வெறும் சிமென்ட் தரையில் அடுக்கி வைத்திருந்தேன். பேண்ட்டை மடக்கிக்கொண்டு குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்தார்.

"ஏனுங்க மேனேஜர், இங்க கொஞ்சம் கை வெச்சுப் பாருங்களேன். சில்லுனு இருக்குதுங்க. அடியில பலகை போட்டுட்டா பூசணம் புடிக்காதுங்க."

"போட்டுடலாங்க சார்" என்றேன். போடவில்லை.

அடுத்த ஆடிட்டிலும் அதே தரை, அதே கை, அதே "போட்டுடலாங்க சார்"... கோபப்படாத மனுஷன் சொன்னால் அவசரம் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவர் ரிட்டயர் ஆனதும் வேறொருவர் வந்தார். உட்காரக்கூட இல்லை. "மூட்டை வெக்கிற லட்சணமா இது? எழுதட்டுமா?" என்று லோடுமேன்கள் முன்னால் ஒரே சத்தம்.

அந்த வாரமே பலகை வந்துவிட்டது.

போன வருஷம் தங்கவேல் சார் குடும்பத்தோடு வாசலூர்பட்டி போட் ஹவுஸுக்கு வந்தவர், குடோனையும் எட்டிப் பார்த்தார். பலகையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு... மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா கண்ணு, சத்தம் போடாம சொன்னாலும் கேப்பாங்க."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பெண்ணும் இப்போது ஆடிட் வேலையில்தான் இருக்கிறாராம். இன்று போனில் அழுகைக்கு நடுவில் சொன்னார்: "கத்துனாத்தான் கேப்பாங்கன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க சார். அப்பா பேச்சக் கேட்டு நீங்க பலகை போட்டதைத்தானுங்க நான் எடுத்துச் சொல்லுவேன்."

"ஆமாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து உடம்பெல்லாம் கூசுகிறது.

அவர் வீட்டுக்குப் போக நான் ஏறிய பஸ் மலையிறங்கிக் காரவள்ளிக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும்... எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

மிளகு நல்லா இருக்குதுங்க சார். ஆனா அந்தப் பலகை நீங்க சொல்லிப் போட்டதில்லீங்க.

போயிட்டு வாங்க சார்.