பாஸ்காக் குசினியில் என் தோசை

தொண்ணூறுகளின் கடைசியில், ரொறன்ரோவில் யூதர்களின் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு குசினியில் வேலை செய்தேன். கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்த கணவரை ஸ்பொன்சர் பண்ண எனக்கு ஒரு வேலைக் கடிதம் வேண்டியிருந்தது. அதனால் என்ன சொன்னாலும் கேட்பது என்ற முடிவோடுதான் ஒவ்வொரு நாளும் விடிய மில்லிக்கனில் பஸ் ஏறினேன்.

ஆனால் பாஸ்காப் பண்டிகை நெருங்கியபோது பொறுமை போய்விட்டது. அலுமாரி இடுக்கில் கிடக்கும் பாண், ரொட்டித் துகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கிண்டி எடுக்கச் சொன்னார்கள். பாத்திரங்களைக் கொதிநீரில் முக்கியெடுத்த பிறகு, வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்றார் சமயக் கண்காணிப்பாளர். தாடி வைத்த, மெல்லப் பேசும் மனிதர். சமையல் அவர்களின் சமயச் சட்டப்படி நடக்கிறதா என்று பார்த்து, வெளியே போகும் ஒவ்வொரு சாப்பாட்டுப் பெட்டியிலும் கையெழுத்திடுவதுதான் அவர் வேலை. இதென்ன விசர்ப் பிடிவாதம் என்று மனதுக்குள் திட்டினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. தலைக்கு முழுகி, விளக்கேற்றி, தோசை சுட்டுக் கொண்டுபோனேன். வெளிச்சாப்பாடு என்றால் இறைச்சியும் பாணும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இது மச்சம் படாத சுத்தச் சைவம், இதில் யாருக்கு என்ன தீட்டு? மத்தியானம், பாஸ்காவுக்கென்று கழுவி வைத்திருந்த சட்டியொன்றில் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

தேத்தண்ணி நேரம் அவரிடம் கேட்டே விட்டேன்.

"உங்கடை கடவுளுக்கு ஒரு பாண் துகளிலை அப்பிடி என்ன கோவம்?"

ஆங்கிலத்தில்தான் பேசினோம். என் நினைவில் அவரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார்.

"கோவமில்லை. எகிப்திலை அடிமையா இருந்து வெளிக்கிட்ட அண்டைக்கு, மா புளிக்கும்வரை நிக்க நேரமில்லை. அதாலைதான் இந்த எட்டு நாளும் புளிச்ச மா எங்களிட்டை இருக்கக்கூடாது. பண்டிகையின்ரை முதல் நாள் ராத்திரி மேசையிலை இருந்து பிள்ளையளுக்கு அந்தக் கதையைச் சொல்லுவம். அவை வெளிக்கிட்டவை எண்டில்லை, நாங்கள் வெளிக்கிட்டனாங்கள் எண்டு."

கதையை வாயால் மட்டும் சொன்னால் மறந்துபோகும் என்று, கைக்கு வேலையாகவும் வயிற்றுக்குச் சட்டமாகவும் வைத்திருக்கிறார்கள். அது எனக்கு உடனே விளங்கியது. நானும் சண்டைக்குள்ளிருந்து வெளிக்கிட்டவள்தானே.

"நாங்களும் அப்பிடித்தான். தோசைக்குக் கரைச்ச மா சட்டியிலை இருக்க, ஒரு பையோடை..."

பாதியில் நிறுத்திவிட்டேன். நான் காலையில் சுட்ட தோசையிலும், எங்கள் ஊர் வழக்கப்படி, உழுந்தோடு கோதுமை மா இருந்தது. குளிருக்கு, வீட்டு அவண் அடுப்புக்குள் லைற்றைப் போட்டு இரவு முழுக்கப் புளிக்கவைத்த மா.

கூட வேலை செய்த தமிழ்ப் பிள்ளையிடம் போய்ச் சொன்னேன்.

"அக்கா, ஒருத்தரும் காணேல்லை. பேசாமல் இருங்கோ. முதலாளியம்மாட்டைக் கடிதம் கேட்டிருக்கிற நேரத்திலை உங்களுக்கு உது தேவையோ?"

அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எத்தனையோ வீடுகள் எங்கள் சமையலை நம்பி மேசையில் வைத்து, தாங்கள் வெளிக்கிட்ட கதையைச் சொல்லப்போகின்றன. வெளிக்கிட்டவள் ஒருத்தியே அதைக் கெடுப்பதா? திரும்பிப் போய்ச் சொன்னேன்.

கண்காணிப்பாளரின் முகம் வெளிறியது. எந்தச் சட்டி, எந்த அடுப்பு, பிறகு அதில் என்ன சமைத்தது என்று மட்டும் கேட்டார். நல்ல காலம், பிறகு அடுப்பில் எதுவும் ஏற்றவில்லை. முதலாளியம்மாதான் துள்ளிக் குதித்தார். இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

ஆனாலும் நான் அசையவில்லை.

"நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ. ஆனா நான் சொன்னபடியாலைதான் உங்களுக்குத் தெரியும். என்னை அனுப்பினா, இனி இந்தக் குசினிக்குள்ளை ஆர் உங்களுக்கு உண்மை சொல்லுவினம்?"

கண்காணிப்பாளர் அந்தச் சட்டியைப் புறம்பாகப் பூட்டிவைத்தார். அடுப்புக் கம்பிகள் சிவக்கும்வரை எரியவிட்டார். நான் மேசைகளுக்குத் திரும்பவும் கொதிநீர் ஊற்றினேன். முதலாளியம்மா எனக்குக் கையுறை கொண்டுவந்து தந்தார். பொழுதுபட அவர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்கு முன் முடித்துவிட்டோம்.

திங்கட்கிழமை போனபோது என் வேலைக் கடிதம் ஆயத்தமாக இருந்தது. முதலாளியம்மாவின் கையெழுத்தே போதும். அதற்குக் கீழே கண்காணிப்பாளரும் ஒப்பமிட்டிருந்தார். அதுவரை சாப்பாட்டுப் பெட்டிகளில் மட்டுமே நான் கண்ட கையெழுத்து அது.